ஏழு நாள் தண்ணீர் படக்கூடாது

ஐந்தே நிமிடம், மழை விட்டதும் கிளம்பிவிடலாம் என்றுதான் நல்லசிவம் வண்டியைத் திருச்சி ரோடு மேம்பாலத்துக்கு அடியில் ஒதுக்கினான். முன்கண்ணாடியில் முதல் துளி விழுந்ததும் அவன் கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டது. யோசித்துச் செய்த காரியமில்லை. ஏழு நாள். புதுக் காரின் பெயிண்டுக்கு மேல் பாதுகாப்புப் பூச்சு போட்டுவிட்ட கோட்டிங் கடை அஸ்கர் அதை விரல் விட்டு எண்ணிக் காட்டியிருந்தான். "செராமிக் நல்லாப் புடிக்கிறதுக்கு ஏழு நாள் ஆகும்ங்ணா. அது வரைக்கும் தண்ணி மட்டும் காட்டிறாதீங்ணா. துளி காஞ்சுதுன்னா வட்டமாத் தடம் நின்னுரும், அப்புறம் மொதல்ல இருந்து தேய்க்கோணும்." இன்று மூன்றாம் நாள். மூன்றாம் நாளில், ஐப்பசி மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு வெயில் அடித்தது என்பதற்காக வானத்தை நம்பி வண்டியை வெளியே எடுத்தவனை என்னவென்று சொல்வது. ஆனால் எடுக்காமல் இருக்கவும் முடியாது. கோகிலவாணி கேட்டிருந்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் இதைச் செய்யுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டது குறைவு. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "சாயங்காலம் ஸ்கூட்டர் வேண்டாங்க. நான் பள்ளிக்கூடத்துல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிர்றேன், நீங்க காரை எடுத்துட்டு வந்துருங்க. ரிசல்ட் எப்படி வந்தாலும் வர்றப்ப கண்ணாடியை ஏத்திவுட்டுட்டு உக்காந்து வரலாம். பஸ்ஸுலயோ ஆட்டோவுலயோ என்னால முடியாது." அழ வேண்டியிருந்தால் அழுவதற்கு ஒரு இடம் வேண்டும் என்கிறாள். அதற்காகக் காரைக் கேட்கிறாள். சரி என்றான். சரி என்று சொல்லிவிட்டு அவன் முதலில் பார்த்தது அவளை அல்ல, ஜன்னல் வழியாக வானத்தை. அதை அவள் கவனித்திருப்பாளா? கவனித்திருப்பாள். அவள் கவனிக்காதது என்று இந்த உலகத்தில் ஒன்று உண்டா. மணி ஐந்து பத்து. ஆஸ்பத்திரி இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். டாக்டர் நாலரை மணிக்கே உட்கார்ந்துவிட்டார்.

மடியில் கிடந்த போன் அதிர்ந்தது, கோகிலவாணிதான். 'டோக்கன் 8 ஓடுது. நம்மது 14.' அவ்வளவுதான். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கேள்வி வந்தால் பதில் சொல்லிச் சமாளிக்கலாம், வெறும் எண்ணை என்ன செய்வது. 'டிராஃபிக்' என்று தட்டி அனுப்பினான். அனுப்பிய பிறகு நிமிர்ந்து பார்த்தால் டிராஃபிக் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பஸ் போகிறது, லாரி போகிறது, பழைய கார், புதிய கார், எல்லாம் நனைந்துகொண்டு வைப்பரை ஆட்டிக்கொண்டு போகின்றன. நிற்பது இருசக்கர வண்டிக்காரர்களும் அவனும்தான். பாலத்தடியில் ஒதுங்கிய கார் அவனுடையது ஒன்றுதான் என்பதே இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. காரில் இருப்பவன் எதற்கு மழைக்கு ஒதுங்குகிறான் என்று நாலு பேர் பார்த்திருப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அவன் வந்தபோது இடம் விசாலமாக இருந்தது. நடுத்தூணை ஒட்டி, எந்தப் பக்கத்துச் சாரலும் வராத இடமாகப் பார்த்து நிறுத்தினான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முன்னால் நாலு, பின்னால் மூன்று, பக்கத்துக்கு இரண்டிரண்டு. ஒருவன் கழற்றிய ரெயின்கோட்டை உதறினான். இரண்டு சொட்டு பானெட்டின் ஓரத்தில் விழுந்தது. இரண்டே இரண்டு. கறுநீலத்தில் அவை உருண்டு நின்றன. நல்லசிவம் டேஷ்போர்டைத் திறந்து, இதற்கென்றே உறையில் போட்டு வைத்திருந்த மைக்ரோஃபைபர் துணியை எடுத்தான். இறங்கி ஒற்றி எடுக்கலாம். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். ஆனால் கதவைத் திறக்க வேண்டுமே. வலது கதவுக்கும் பக்கத்து மொபெட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. மொபெட்டின் இரண்டு பக்கமும் பால் கேன்கள், இரண்டுக்கும் ஈயம் போன பழைய இரும்பு விளிம்பு. துணியை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்த இரண்டு சொட்டு காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பத்து வருஷம். இந்த வண்டியைப் பத்து வருஷம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார்கள். செய்திருந்தார்கள் என்ன, அவன்தான் செய்தான், அவள் தலையாட்டினாள். முந்தைய வண்டியில் பட்ட பாடு போதும். யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கி, ஃபவுண்டரி கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிறுத்தி, காக்காய் எச்சமும் கரித்தூளும் வெயிலுமாக மூன்றே வருஷத்தில் அதன் கூரை சொறி பிடித்தமாதிரி உரிந்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்குப் போய் இறங்கியபோது கோகிலாவின் தங்கை வீட்டுக்காரர் அந்தக் கூரையைத் தடவிப் பார்த்து, "சகலை, இதுக்கு ஒரு டாக்டரைப் பாக்கலாமல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதிலிருந்து அவன் எங்கே போனாலும் வண்டியைக் கூரை தெரியாதபடி தூணோரமாகப் பார்த்துத்தான் நிறுத்துவான். புது வண்டி வந்த அன்றே அபார்ட்மெண்ட் சங்கத்தில் எழுதிக் கொடுத்தான்: என் வண்டியைத் துடைக்க வேண்டாம். செக்யூரிட்டியின் மனைவி ஒரே பக்கெட் தண்ணீரில் ஒரே துணியை முக்கி முக்கி இருபது வண்டியைத் துடைப்பாள். முதல் வண்டியின் மண் இரண்டாவதைத் தேய்க்கும், இரண்டின் மண்ணும் மூன்றாவதைத் தேய்க்கும், வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்டம் வட்டமாக ரோமக் கீறல். அவளிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிங்க, உங்க வண்டியைத் தொடலைங்க" என்றாள். மறுநாளிலிருந்து அவன் வண்டியைச் சுற்றி இரண்டடிக்குத் தரையைக்கூடக் கூட்டுவதில்லை. வேண்டாம் என்றால் இப்படித்தான் வேண்டாமல் போகும். பத்து வருஷம் என்றால் அவனுக்கு ஐம்பத்தாறு, அவளுக்கு ஐம்பத்து மூன்று. ஐம்பத்து மூன்று வயதில் கோகிலா எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்க்கப் போனால் பழைய போட்டோக்கள்தான் வருகின்றன, இருபத்தைந்து, முப்பது, பூப்போட்ட சேலை. முன்னால் போகவே மாட்டேன் என்கிறது மனசு. ஐம்பத்து மூன்றை அது காட்டவில்லை. ஏன் காட்டவில்லை? போன் அதிர்ந்தது. '10.'

அன்றைக்குத் துடைத்தோமே, அதுதானோ. சீ. படித்தவன் நினைக்கிற நினைப்பா இது. ஆனாலும் நினைப்பு அங்கே போய் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. வண்டி எடுத்த அன்று பிள்ளையார் கோயிலில் பூசை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. குருக்கள் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு பானெட்டைப் பார்த்து வந்தார். நல்லசிவம் குறுக்கே போய், "சாமி, பொட்டைக் கண்ணாடியில வெச்சுருங்க, பெயிண்ட்ல வேண்டாம்" என்றான். குருக்கள் பல பேரைப் பார்த்தவர். சிரித்துக்கொண்டே கண்ணாடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் கோகிலா தன் பங்குக்கு மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டு, யாரும் கேட்காமல், பானெட்டின் மூக்கில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு அந்த விரலைத் தன் நெற்றியிலும் ஒற்றிக்கொண்டாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். அவள் கண்ணைத் திறப்பதற்குள் அவன் துடைத்துவிட்டான். குங்குமத்தில் இப்போது என்னென்னவோ கலக்கிறார்கள், வெயிலில் பெயிண்டைப் பிடித்துக்கொண்டால் சிவப்புத் தடம் போகவே போகாது, எங்கோ படித்திருந்தான். துடைத்த துணியை மறைக்கக்கூட நேரமில்லை. அவள் கண்ணைத் திறந்து பானெட்டைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "போலாங்களா" என்றாள். அதற்கடுத்த வாரம்தான் கட்டி. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை. கட்டி அதற்கு முன்னாலேயே உள்ளே இருந்திருக்கும், டாக்டரும் அப்படித்தான் சொல்வார். சம்பந்தமே இல்லை. அவள் நெற்றியில் ஒற்றிக்கொண்ட குங்குமமாவது மிச்சமிருந்ததே என்று ஒரு நினைப்பு வந்தது; வந்த வேகத்தில் அதையும் தள்ளினான்.

கட்டியைக் கண்டுபிடித்தது அவன் விரல்தான். அவள் சொல்வதற்கு முன்னால். அதுதான் கொடுமை. பதினேழு வருஷமாகப் பம்ப் ஃபவுண்டரியில் அவனுக்கு அதுதானே வேலை; வார்த்து எடுத்த இரும்பை விரலால் தடவிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எங்கே, மண் எங்கே தங்கியிருக்கிறது என்று சொல்வது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் விரிசல் உள்ளது சத்தத்திலேயே தெரியும். மற்றவர்கள் லென்ஸ் வைத்துப் பார்ப்பதை அவன் சுண்டுவிரலில் பார்ப்பான் என்று கம்பெனியில் பேச்சு. அந்த விரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டு பேரும் படுத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய இடது அக்குளுக்குக் கீழே நின்றது. நின்றது அவளுக்கும் தெரிந்தது. "என்னங்க?" "ஒண்ணுமில்ல." "இல்ல, என்னமோ பாத்தீங்க." "கொழுப்புக் கட்டியா இருக்கும்," என்றான். இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இரும்பில் அப்படி ஒன்று அகப்பட்டால் மூச்சுவிடாமல் சாக்பீஸை எடுத்து வட்டம் போட்டு ஒதுக்கிவிடுவான். அவளிடம் கொழுப்பு என்றான். அவளாகவே ஸ்கேனுக்குப் போனாள். ஊசி போட்டுச் சதை எடுத்த அன்று அவளுடன் போனது பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, ஏனென்றால் அன்று வண்டிக்குக் கோட்டிங். இரண்டு நாள் லீவு போட்டிருந்தான். கோட்டிங்குக்கு லீவு போட்டான். அஸ்கரின் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கழுவுவதையும் அழுக்கெடுக்கும் களிமண் உருண்டையால் தேய்ப்பதையும் பாலிஷ் மெஷின் பிடிப்பதையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, நீங்க வீட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வாங்ணா, ஒண்ணும் ஆகாது" என்று அஸ்கர் நாலு தடவை சொன்னான். போகவில்லை. விளக்கு வெளிச்சத்தில் கறுநீலம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆழமாக ஆகிக்கொண்டே வந்தது. எங்கே குனிந்து பார்த்தாலும் ஒரு கீறல் இல்லை. அதில் அவன் முகம் தெரிந்தது. அந்த இரண்டு நாளும் அவன் நிம்மதியாக இருந்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது. "எத்தனை வருசம் தாங்கும்?" என்று கேட்டான். "அஞ்சு வருசம்ங்ணா. நடுவுல வருசத்துக்கு ஒருக்கா கொண்டாந்து காட்டிட்டீங்கன்னா அதுக்கு மேலயும் வரும்." வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டினால் அதற்கு மேலும் வரும். இதைக் கோகிலாவைப் பற்றி யாராவது அவ்வளவு உறுதியாகச் சொல்வார்களா. சொல்லமாட்டார்கள்.

'12.' இம்முறை எண்ணுக்குப் பிறகு இன்னொரு வரி. 'வந்துருவீங்கல்ல.' இரண்டு கிலோமீட்டர். நடந்தே போயிருக்கலாம். வந்து நிறுத்தியதும் பூட்டிவிட்டு நடந்திருந்தால் இந்நேரம் அவள் பக்கத்து நாற்காலியில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருப்பான். மனுஷனுக்குத்தான் கோட்டிங் கிடையாதே, நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். இப்போதும் நடக்கலாம். ஆனால் இத்தனை வண்டிகளுக்கு நடுவில் இதை விட்டுவிட்டா? அதோ, கொழுத்த ஆள் ஒருவர் இடது கதவில் முதுகைச் சாய்க்கப் போகிறார், தோள்பையின் ஜிப் வெளிப்பக்கம் தொங்குகிறது. சாய்ந்தேவிட்டார். நல்லசிவம் உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினான். அவருக்குக் கேட்கவில்லை. ஹாரன் அடித்தால் எல்லோரும் திரும்புவார்கள், அவர் திடுக்கிட்டுத் துள்ளினால் ஜிப் இழுபடும். சாய்ந்திருப்பவரை அப்படியே சாய்ந்திருக்க விடுவதுதான் பெயிண்டுக்கு நல்லது. ஏசி குளிர்ந்தது, ஆனால் முதுகு வேர்த்தது. ஸீட்டுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் எடுக்கவில்லை; அசைந்தால் சட்டையோடு ஒட்டிக்கொண்டு சரசரத்தது. இருமினால்கூடச் சத்தம் உள்ளேயே நின்றது. கண்ணாடியை இறக்கலாமென்றால் சாரல். வைப்பர் போடலாமென்றால் காய்ந்த கண்ணாடியில் தூசி இழுபடும். முன்னால் போக வழியில்லை, பின்னால் போக வழியில்லை, இறங்க வழியில்லை. நான் என்ன செய்வேன் கோகிலா, என்னைச் சுத்தி அடைச்சுட்டாங்க, நீயே வந்து பாரு. உள்ளுக்குள் அவன் அவளிடம் இப்படி முறையிட்டுக்கொண்டிருந்தபோது, வலது பக்கக் கண்ணாடியை யாரோ விரலால் மெதுவாகத் தட்டினார்கள். பால் கேன் மொபெட்காரர். ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தார். நல்லசிவம் கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கினான்.

"புது வண்டிங்ளா?" என்றார் அவர். "நானும் வந்ததுல இருந்து பாக்கறேன், போனையும் ரோட்டையும் பாத்துக்கிட்டே இருக்கறீங்க. அவசரமாப் போகோணும்ங்களா? சொன்னா நாங்க ஆளுக்குச் சித்த அக்கட்டத் தள்ளி நின்னுக்குவமுங்க. கேன் உங்க வண்டி மேல படாமத்தான் நிறுத்திருக்கறேன், பயப்படாதீங்க." சொல்லிக்கொண்டே அவர் முன்னால் நின்ற இரண்டு பேருக்குக் கையைக் காட்டினார். அவர்கள் உடனே ஸ்டாண்டை எடுத்துத் தயாராகிவிட்டார்கள். கொழுத்த ஆள்கூடக் கதவிலிருந்து முதுகை எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு தள்ளி நின்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முன்னால் ஒரு லாரி போகிற அளவுக்கு வழி. வழிக்கு அந்தப் பக்கம் மழை, அவ்வளவு பெரிய மழைகூட இல்லை, சாதாரண மழை. நல்லசிவம் கியரில் கையை வைத்தான். வைத்த கை வைத்தபடியே இருந்தது. வாய் பேசியது. "இல்லைங்க. மழை விடட்டும்."

மொபெட்காரர் அவனை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். "சரிங்க" என்று திரும்பி, தன் கேன் கயிற்றை இறுக்க ஆரம்பித்தார். வழி திறந்தே கிடந்தது. யாரும் அதில் வந்து நிற்கவில்லை. நல்லசிவம் கண்ணாடியை ஏற்றிவிட்டான். அப்போதுதான், நெடுநேரமாகச் சுற்றிச் சுற்றி வந்த நினைப்பு ஒரு இடத்தில் இடித்து நின்றது. மழை தூற ஆரம்பித்தபோது, அந்த முதல் துளி விழுந்தபோது, அவனுக்குக் கவலை வரவில்லை, உடம்பெல்லாம் லேசானது. அப்பாடா என்றிருந்தது. கோட்டிங் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாள் மாதிரியே. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த டாக்டர் காகிதத்தைப் பிரிப்பதை, பிரித்துவிட்டு உடனே பேசாமல் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வதைப் பார்க்கவேண்டியதில்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் அவன் கையைத் தேடுவாளே, தேடி வரும் அந்தக் கைக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லையே. இந்த மழை வந்திராவிட்டால் வேறு எதுவாவது வந்திருக்கும்; டயரில் காற்று குறைந்திருக்கும், கம்பெனியில் லோடு வந்திருக்கும். ஒரு விரிசலைத் தட்டிப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவன், தட்டிப் பார்க்கப் பயந்துகொண்டு ஒரு தகரத்துக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறான். தன்மீதே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. போ, இப்போதாவது போ. '14. உள்ள போறேன்.' அதைப் படித்தான். படித்தும் போகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், மொபெட்காரரும் போனார். மழை எப்போது விட்டது என்று அவன் பார்க்கவில்லை. மணி ஆறடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது போன் அடித்தது.

"முடிஞ்சுதுங்க," என்றாள் கோகிலவாணி.

குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனால் கேட்கவும் முடியவில்லை.

"கெட்டது ஒண்ணுமில்லையாம். வெறும் கட்டிதானாம். ஆறு மாசம் கழிச்சு மறுக்கா ஒருக்கா பாத்துக்கலாம்னாரு."

நல்லசிவம் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். கண்ணில் நீர் வந்து மூக்கோரமாக இறங்கியது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டான்.

"வெளிய வந்ததும் யாருகிட்டச் சொல்றதுன்னே தெரியல," என்றாள் அவள். "பதினஞ்சாம் நம்பர் அம்மா உக்காந்திருந்தாங்க. அவங்ககிட்டச் சொன்னேன். என் கையைப் புடிச்சுக்கிட்டு அவங்க அழுதுட்டாங்க. அவங்களை இனிமேத்தான் கூப்பிடோணும்."

"இதா வந்துட்டேன். பத்தே நிமிசம்."

"வேண்டாங்க, ஆட்டோ சொல்லிட்டேன். இங்க மழை விட்டு நேரமாச்சு. நீங்க எங்க இருக்கறீங்க?"

டிராஃபிக் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. "பாலத்துக்கு அடியில," என்றான்.

"எந்தப் பாலம்?"

"திருச்சி ரோடு."

ஆஸ்பத்திரி வாசலின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"வண்டி நனைஞ்சுருமின்னா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். கோபப்பட்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பாள், பிறகு தங்கை வீட்டில் போய்ச் சொல்லிச் சிரிப்பாள், அதோடு முடிந்துவிடும். ஆமாம் என்பதற்குத்தான் வாயைத் திறந்தான்.

"அதில்ல," என்றான். "பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் இருந்துச்சு," என்றாள் கோகிலவாணி. "நான் உள்ள போனேன்ல."